மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டலாமா?

1

அம்மாவுக்கு முதல் வருஷத் திதி கொடுத்த மறுநாள் காலையில், மீன்கார அஞ்சலை என்னைப் பார்த்து, "இன்னாம்மா, சனிக்கெயம சாயங்காலம் அம்மாவ பாக்க வர்ற இல்ல?" என்று கேட்டாள்.

கையில் அரைக் கிலோ சங்கராவோடு அப்படியே நின்றேன். அஞ்சலைக்கு அம்மா போனது தெரியாதா என்ன? ஊரூர் குப்பத்திலிருந்து வந்து, ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் அடுக்குமாடியின் கேட் ஓரத்தில் இருபது வருஷமாகக் கூடை இறக்குகிறவள். போன வருஷம் அம்மாவை எடுத்துப்போன அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதவளும் அவள்தான்.

"எங்கம்மாவையா?" என்றேன்.

"பின்ன யாரு அம்மாவ? எம்பொண்ணு பவானி படம் எடுத்துக்கீறா இல்ல, அதுல டெலிபோன் அம்மாதான் கீறாங்க. மொதல்லேந்து கடசி வரிக்கும். அந்த படச் சங்கத்துல போட்டுக் காட்றாங்க. உனுக்கு மெயில் போட்டாளாமே, நீ பாக்கலியா?"

பார்க்கவில்லை. மேலே போய்த் தேடினேன். குப்பை மடல்களுக்கு நடுவே மூன்று கடிதங்கள் கிடந்தன, மூன்றுக்கும் ஒரே தலைப்பு: 'உங்க அம்மா பத்தி.' வெளிநாட்டில் இருப்பவளுக்குத் தெரியாத ஆளிடமிருந்து இப்படித் தலைப்பு போட்டு வந்தால், ஏமாற்று வேலை என்றுதான் கணினியும் நினைக்கும், நானும் நினைப்பேன்.

ஸ்வீடனில் கோத்தென்பர்க் நகரத்துக்குப் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அங்கே ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கிருந்து இந்தப் பத்திக்கு எழுதும்போதெல்லாம் பனியையும் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் மதியங்களையும் சொல்லி உங்களை நிறையவே அறுத்திருக்கிறேன். இந்தத் தடவை நடந்தது எல்லாம் மயிலாப்பூருக்கும் தி. நகருக்கும் நடுவில். ஆனால் இதுவும் வெளிநாட்டுக் குறிப்புதான்.

2

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

முப்பது வருஷம் டெலிபோன் எக்சேஞ்சில் ட்ரங்க் கால் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் காலம் அது. லைன் கிடைத்ததும் இரண்டு பக்கத்தையும் இணைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, மூன்று நிமிஷம் முடிந்ததும் குறுக்கே புகுந்து சொல்ல வேண்டும்: மூன்று நிமிஷம் ஆயிற்று, நீட்டலாமா? அதுவரை நடுவில் காதை வைத்து ஒட்டுக்கேட்கக் கூடாது. அம்மா இந்த இரண்டு விதிகளையும் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். என் கடிதங்களைப் பிரித்ததில்லை, என் பேச்சை ஒட்டுக்கேட்டதில்லை. ஓய்வுபெற்ற பிறகு, எனக்குப் போன் போட்டாலும் மூன்று நிமிஷத்தில் அந்தக் குரல் வந்துவிடும்.

"மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டலாமா?"

இப்போது பேசுவதற்கு யாரும் நிமிஷக் கணக்கு பார்ப்பதில்லை என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். "பழக்கம்டி" என்பாள். நானும் பழகிவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது வசதியாகவே இருந்தது. எப்போதும் ஒரே பதில்தான் சொல்வேன்: "வேணாம்மா, நாளைக்கு பேசறேன்."

எனக்கும் அங்கே ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஸ்வீடனில் போனை எடுத்தால் ஹலோ சொல்ல மாட்டார்கள், தன் பெயரைச் சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என்னையும் அப்படிச் சொல்லப் பழக்கினார்கள். அம்மா கூப்பிட்டாலும் "மாலதி" என்றுதான் எடுப்பேன். "தெரியும்டி, நான் வெச்ச பேருதான்" என்று அம்மா சிரிப்பாள். முதல் சில வருஷம் சிரித்தாள். அப்புறம் சிரிப்பதை எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது.

இந்தப் பயணத்தில் என் பெயரே எனக்கு ஒரு தலைவலியாகிவிட்டது. ஃபிளாட்டை என் பெயருக்கு மாற்ற வேண்டும். பள்ளிச் சான்றிதழில் கே. மாலதி. பாஸ்போர்ட்டில் மாலதி கருணாகரன். பதிவு அலுவலகத்தில் இருந்த பெண் நல்ல மாதிரிதான், மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த மாலதியும் அந்த மாலதியும் ஒரே ஆள்தான்னு ஒரு உறுதிமொழிப் பத்திரம் வேணும் மேடம். நீங்கதான் நீங்கன்னு நீங்களே சொன்னா செல்லாது." சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

இன்னொரு விஷயம். போன வருஷம் வந்தபோதே, கூடத்துத் தரையில் நாலு வெள்ளை டேப் துண்டுகள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அம்மாவின் பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில், விரல் நீளத்துக்கு, சதுரமாக. எதற்கு ஒட்டினாள் என்று தெரியவில்லை. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. விட்டுவிட்டேன்.

3

திரைப்படச் சங்கம் என்றதும் பெரிய அரங்கத்தை நினைக்க வேண்டாம். ஒரு பழைய பங்களாவின் மாடி, அறுபது பிளாஸ்டிக் நாற்காலி, கறுப்புத் துணி அடித்த ஜன்னல்கள், வாசலில் பேப்பர் கப்பில் காபி. மாதம் ஒரு சனிக்கிழமை, நம் ஊர்ப் பிள்ளைகள் சொந்த முயற்சியில் எடுத்த படங்களைப் போடுகிறார்கள். தியேட்டருக்கு வராத படங்கள். இது இன்னும் தலைப்பே வைக்காத படம், முடிவாகாத பிரதி.

சங்கத்துச் செயலாளர் ரங்கநாதன் மாமா எழுபதைத் தாண்டிய மயிலாப்பூர்க்காரர். எழுந்து நின்று சொன்னார்: "மொபைலை எல்லாரும் அணைச்சுடுங்கோ. புதுசா வந்தவாளுக்குச் சொல்றேன், இங்க ஒரு வழக்கம் உண்டு. படம் முடிஞ்சதும் யாரும் எழுந்துண்டு ஓடப்படாது. மைக் சுத்தி வரும். ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லிட்டுத்தான் ஆத்துக்குக் கிளம்பணும்."

நான் கடைசிக்கு முந்தைய வரிசையில் உட்கார்ந்திருந்தேன். விளக்கு அணைந்தது.

முதல் காட்சியே எங்கள் கூடம். ஆனால் அந்தக் கோணத்திலிருந்து எங்கள் வீட்டை நான் பார்த்ததே இல்லை. ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்தில் கேமராவை வைத்திருந்தார்கள். அன்று காலை நான் துணி போட்டு மூடி வைத்த நாற்காலி அங்கே மூடாமல் இருந்தது. நான் எடுத்து உள்ளே வைத்த பச்சை டெலிபோன், எந்தக் காலத்திலோ இணைப்பு போனது, அதன் முக்காலியில் இருந்தது. இரண்டு மணி நேரம் முன்னால் பூட்டிவிட்டு வந்த வீடு. அங்கே அம்மா நடமாடிக்கொண்டிருந்தாள்.

அழுகை வரும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். வந்தது பயம். அம்மா திரைச் சட்டத்தை விட்டு வெளியே போனாள், சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது, மறுபடி உள்ளே வந்தாள். அவள் வெளியே போன ஒவ்வொரு தடவையும் திரும்பி வராமல் போய்விடுவாள் என்று பட்டது. வந்தபோது அதைவிடப் பயமாக இருந்தது.

ஓய்வுபெற்ற ஆபரேட்டர் ஒருத்தியின் ஒரு பகல், அவ்வளவுதான் படம். அம்மா கீரை ஆய்ந்தாள். அஞ்சலையிடம் மீனைப் புரட்டிப் பார்த்தாள். பச்சை போனைத் துடைத்து, ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு வைத்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து செல்போனை எடுத்தாள். ஹெட்செட் போட்டுப் போட்டு இடது காது மந்தமாகிவிட்டதால், எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவாள். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டரை. அந்தப் பக்கம் போன் மணி இரண்டு தடவை அடித்தது.

"மாலதி."

இருட்டில், அறுபது பேருக்கு நடுவில், என் குரல் என் பெயரைச் சொன்னது.

யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று திரும்பினேன். யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் பேசறேன். சாப்பிட்டியா?"

"இங்க காலைல எட்டு மணிம்மா. வேலைக்குக் கிளம்பிட்டிருக்கேன். என்ன, சொல்லு."

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"சும்மாவா? மாத்திரை ஏதாவது தீந்து போச்சா?"

"அதெல்லாம் இருக்கு. வீட்டுக்கு ஆளுங்க வந்திருக்காங்க. நம்ம அஞ்சலை பொண்ணு பவானி, ஷூட்டிங் எடுக்கறா."

"ம்."

அந்த 'ம்'முக்குப் பின்னால் என் காபி இயந்திரம் கொதிக்கும் சத்தம். தெருவில் டிராம் மணி. அப்புறம் என் மகள் மாயா ஸ்வீடிஷில், போனில் யார் என்று கேட்கிறாள். நான் அவளுக்கு மூன்று சொல்லில் பதில் சொல்கிறேன். திரையில் எழுத்து வந்தது: 'அந்நிய மொழியில் பேச்சு.'

அந்த அரங்கத்தில் அந்த மூன்று சொல் புரிந்தது எனக்கு மட்டும்தான். இங்கென், பாரா முர்முர். 'யாருமில்ல, பாட்டிதான்.'

அம்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவள், சுற்றுவதை நிறுத்தியிருந்தாள்.

"அப்புறம்?" என்கிறது என் குரல்.

"மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டலாமா?"

"வேணாம்மா. நாளைக்கு பேசறேன்."

"சரி. வெக்கறேன்."

அது எங்களுடைய கடைசிப் பேச்சு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அம்மா நாலு மாதம் இருந்தாள். கடைசிப் பேச்சாக இருந்திருந்தால் அதற்கு ஒரு மரியாதையாவது கிடைத்திருக்கும். அது ஏதோ ஒரு வாரநாள். எனக்கு அப்படி ஒரு அழைப்பு வந்ததே நினைவில் இல்லை.

4

விளக்கு போட்டார்கள். மைக் முதல் வரிசையிலிருந்து கிளம்பியது.

ஒருவர் வெளிச்சம் நன்றாக இருந்தது என்றார். ஒரு கல்லூரிப் பெண், அந்த அம்மா நடிக்கிற மாதிரியே இல்லை என்றாள். அப்புறம், சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்த ஒருவர் மைக்கை வாங்கினார்.

"மகளுக்குக் குரல் குடுத்தவங்களுக்கு ஒரு சபாஷ் சொல்லணும். அம்மாகிட்ட பேசற மாதிரியே இல்ல, கஸ்டமர் கேர்ல புகார் வாங்கற மாதிரி பேசினாங்க. அப்படி நடிக்கறது ரொம்பக் கஷ்டம்."

நாலைந்து பேர் கை தட்டினார்கள். அவருக்கு அடுத்திருந்த அம்மாள், "எனக்கு அந்தப் பொண்ணு மேல கோவம் வரல. எம்பொண்ணும் இப்படித்தான் பேசறா. அதான் வயித்தக் கலக்குது" என்றார். சொல்லிவிட்டு மைக்கைப் பின்வரிசைக்குத் தந்தார்.

ஓடிவிடலாமா என்று யோசித்தேன். வாசலில் ரங்கநாதன் மாமா நின்றுகொண்டிருந்தார். ஒரு வாக்கியம்தானே, 'நல்ல முயற்சி' என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். மைக் என் கைக்கு வந்தது. வாயருகே கொண்டுபோனேன்.

இருபத்திரண்டு வருஷப் பழக்கம். போன் ஆனாலும் மைக் ஆனாலும் வாயருகே வந்தால் எனக்கு முதலில் வருவது ஒன்றுதான்.

"மாலதி," என்றேன்.

அதே குரல். அதே இழுப்பில்லாத, அவசரமான சொல். ஸ்பீக்கரில் அது படத்தில் கேட்டது மாதிரியே கேட்டது.

முன்வரிசைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கஸ்டமர் கேர் என்று சொன்னவர் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். அவர்கள் என்னைக் குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்க்கவில்லை, அப்படிப் பார்த்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், பதில் சொல்லியிருப்பேன். செத்துப்போனது அம்மா. ஆனால் படத்திலிருந்து எழுந்து வந்த ஆளாக என்னைத்தான் பார்த்தார்கள்.

"உங்க வாக்கியத்த..." என்று ஆரம்பித்த ரங்கநாதன் மாமா பாதியில் நிறுத்திக்கொண்டார். "போறும்மா," என்றார் பிறகு, மெதுவாக. பக்கத்து நாற்காலிக்காரர் என் கையிலிருந்து மைக்கை எடுத்துக்கொண்டார்.

5

பவானி வெளியே வராந்தாவில் என்னைப் பிடித்தாள். இருபத்தேழு வயசு இருக்கும், அஞ்சலையின் அதே நெற்றி.

"அக்கா, மொதல்ல சாரி. மூணு மெயில் போட்டேன், பதில் வர்ல. எங்கம்மா உங்ககிட்ட சொல்லிட்டேன்னு சொல்லுச்சு. போன் சீன் இருக்கறதையும் சொல்லிக்கீதுன்னு நெனச்சேன்."

"என்னைக் கேக்காம என் குரலை எப்படி எடுத்தே?" என் குரல் கறாராகத்தான் வந்தது. படத்தில் வந்த மாதிரியே.

"நான் எடுக்கலக்கா. ஆன்ட்டிதான் குடுத்தாங்க." வராந்தாக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஸ்க்ரிப்ட்ல போன் சீன் ஒண்ணு இருந்துச்சு. அவங்க சும்மா போன வெச்சுக்கினு பேசணும், பொண்ணு குரல அப்பாலிக்கா யாராச்சும் டப் பண்ணுவாங்க. அதான் பிளான். அவங்க மாட்டேன்னுட்டாங்க. 'ஆளில்லாத டெட் லைன்ல எனக்குப் பேச வராதுடி, முப்பது வருஷத்துல ஒரு நாள் பேசினதில்ல'ன்னாங்க. அப்ப இன்னா பண்றதுன்னு கேட்டேன். 'சவுண்டு ஓடுதா?'ன்னாங்க. ஓடுதுன்னேன். டக்குனு உங்களுக்கு நம்பர் போட்டுட்டாங்க."

ஒட்டுக்கேட்கக் கூடாது என்று முப்பது வருஷம் காதைப் பொத்திக்கொண்டவள், தெரிந்தேதான் ஊரையே கேட்க வைத்திருக்கிறாள்.

"முடிஞ்சதும் ஒண்ணு சொன்னாங்க," என்றாள் பவானி. "'வெச்சுக்கோ. ஆனா அவகிட்ட கேட்டுட்டு வெச்சுக்கோ'ன்னு. அதான்க்கா கேக்கறேன். வெளியூர் விழாவுக்கு அனுப்பப் போறேன், உங்க கையெழுத்து இல்லாம அனுப்ப முடியாது. வாணாம்னா சொல்லுங்க, வேற குரல் போட்டுக்கறேன். இல்ல, நீங்களே வந்து வேற டயலாக் பேசினாலும் சரி. கடசில ஆன்ட்டி மூஞ்சிதான் கீது, நீங்க எது சொன்னாலும் ஒட்டிக்கும்."

நீங்க எது சொன்னாலும். அந்த இடத்தில் என் மனசு சட்டென்று பிடித்துக்கொண்டது.

"அப்புறம் நடுவுல பாப்பாகிட்ட இன்னாவோ சொன்னீங்களே, அந்த பாஷைல. அதுக்கு அர்த்தம் சொன்னீங்கன்னா கீழ எழுத்துல போட்டுடுவேன்."

"சாக்ஸ் எங்கன்னு கேட்டா," என்றேன். "அலமாரில இருக்குன்னு சொன்னேன்."

6

மணி எட்டுக்குள் வீடு வந்துவிட்டேன். லிஃப்ட்டின் பெண் குரல் கதவை மூடச் சொன்னபோது தூக்கிவாரிப் போட்டது. பூட்டைத் திறந்து விளக்கு போட்டதும் முதலில் கண்ணில் பட்டது தரையில் இருந்த அந்த நாலு டேப் துண்டுகள்.

நாற்காலியின் மேல் போட்டிருந்த துணியை எடுத்தேன். நகர்த்தி, நாலு காலையும் நாலு டேப்பின் மேல் வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமென்று படக்காரர்கள் ஒட்டிய அடையாளம். அம்மா அதை உரிக்காமல் விட்டிருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருட்டுச் சந்து தெரிந்தது. அங்கிருந்து யாரோ பார்ப்பது போலவே இருந்தது, எழுந்துவிட்டேன்.

பச்சை போனை அதன் இடத்தில் வைக்கலாம் என்று முக்காலியை இழுத்தேன். அதன் கீழ்த்தட்டில் அம்மாவின் நோட்டு இருந்தது. பால், கேஸ், பிளம்பர் எண்கள். பின்பக்கத்திலிருந்து தலைகீழாக வேறொரு பட்டியல், ஸ்வீடிஷ் சொற்கள், தமிழ் எழுத்தில். ஹேய் – வணக்கம். ஸ்னோ – பனி. ஃபிஸ்க் – மீன். நாலு பக்கம் ஓடியது. மூன்றாம் பக்கத்தில், ஒரே மையில், ஒன்றின் கீழ் ஒன்றாக:

இங்கென் – ஒருத்தரும் இல்ல
பாரா – வெறும்
முர்முர் – நான்

நின்றபடியே மாயாவைக் கூப்பிட்டேன். அங்கே மாலை ஐந்து மணி, நல்ல வெயில். பதினெட்டு வயது, என் அழைப்பை எடுப்பதே அபூர்வம். எடுத்தாள்.

"பாட்டி உன்கிட்ட ஸ்வீடிஷ் வார்த்தை கேட்டாங்களா?"

"ஆமா. தினம் ஒண்ணு. பாட்டி வாய்ஸ் மெசேஜ் அனுப்பும், நான் பதில் அனுப்பும்." அவள் தமிழில் எல்லோரும் அஃறிணைதான், அவளையும் சேர்த்து. "ஒரு நாள் மட்டும் மூணு வார்த்தை கேட்டுது. அது சரியா சொல்லலை, நான்தான் கண்டுபிடிச்சேன். ஏன்?"

"எதுக்குன்னு சொன்னாங்களா?"

"இல்ல. சொன்னதும் பாட்டி சிரிச்சுது. அம்மா, நான் வெளில இருக்கேன். நாளைக்கு பேசலாமா?"

"சரி," என்றேன். "வெக்கறேன்."

என் வாயிலிருந்து அது எந்தத் தொனியில் வந்தது என்று எனக்கே தெரிந்தது. உட்கார்ந்து அழுதேன். சிரித்திருக்கிறாள் பாவி. அதன் பிறகு நாலு மாதம் என்னோடு பேசியிருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

7

திங்கட்கிழமை மதியம் தி. நகரில், ஒரு துணிக்கடைக்குப் பின்னால், மாடியில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பவானியும் ஒலிப்பதிவாளரும். இந்தப் பக்கம் மைக், திரை, நான்.

என்ன செய்ய வந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. மாற்ற வந்தேன். அந்த 'வேணாம்மா'வை எடுத்துவிட்டு, நான் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். வெளியூர் அரங்கத்தில் யாரோ ஒரு இருநூறு பேராவது எங்கள் அம்மாவுக்கு ஒரு நல்ல மகள் இருந்ததாக நம்பட்டும். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

"லூப் போடறேன் மேடம்," என்றார் ஒலிப்பதிவாளர். "அவங்க கேக்கறதும், அவங்க போன வெக்கறதும் திரும்பத் திரும்ப ஓடும். உங்க பழைய குரல எடுத்துட்டேன். நடுவுல இடம் இருக்கு. எப்ப செட் ஆகுதோ அப்ப எடுத்துக்கலாம்."

திரையில் அம்மா வந்தாள், முகம் மட்டும். கீழே மூலையில் நேரம் காட்டும் எண்கள் ஓடின.

"மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டலாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இடம் தாண்டிப் போயிற்று. "சரி. வெக்கறேன்," என்றாள் அம்மா, நான் சொல்லாததற்கு.

மறுபடி அதே முகம். "மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டலாமா?"

"நீட்டலாம்மா," என்றேன்.

"சரி. வெக்கறேன்."

போனை அணைத்தாள்.

நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன். எவ்வளவு முட்டாள்தனம் பாருங்கள், அப்படித்தான் நினைத்தேன். அடுத்த தடவை இன்னும் சத்தமாகச் சொன்னேன். "நீட்டலாம்மா, பேசு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசு." அம்மா என்னைப் பார்த்து, ஒரு விநாடி விட்டு, "சரி. வெக்கறேன்," என்றாள். அடுத்த தடவை, "வெக்காதம்மா." "சரி. வெக்கறேன்." ஏழெட்டுத் தடவை ஓடியிருக்கும். நான் கெஞ்சினேன், அந்த மூன்று ஸ்வீடிஷ் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன், ஒரு தடவை கோபித்துக்கொண்டேன். எதற்கும் ஒரே பதில்தான், ஒரே நிதானத்தில். ஒரு தடவைகூட அவள் வைக்காமல் இருக்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் பவானி கண்ணைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்திப் பேசினாள். "அக்கா, வோணும்னா அந்த 'வெக்கறேன்'ன வெட்டிடறேன். 'சரி'யோட நிறுத்திக்கலாம்."

"வேணாம்," என்றேன். "அம்மா பேச்சை வெட்டாதே."

அப்போதுதான் மூலையில் ஓடிய எண்களை ஒழுங்காகப் பார்த்தேன். "அது என்ன நேரம்?" என்று கேட்டேன்.

"போன் எடுத்ததுலேர்ந்து ஓடற டைம் மேடம். நடுவுல கட் எதுவும் இல்ல. அவங்க மூணு நிமிஷம் ஆச்சுன்னு சொல்றப்ப, ஒரு நிமிஷம் ஐம்பது செகண்ட்."

முப்பது வருஷ ஆபரேட்டர். கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நேரம் தெரியாதவள் இல்லை. நான் எப்போது கிளம்பத் துடிக்கிறேனோ அப்போது அவளுக்கு மூன்று நிமிஷம் ஆகியிருக்கிறது. எத்தனை வருஷமாக இப்படிச் செய்தாளோ. நான் ஒரு நாளும் கணக்குப் பார்த்ததில்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தேன். "என் பழைய குரலையே போடு," என்றேன் பவானியிடம். பையிலிருந்து அம்மாவின் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "சாக்ஸ்னு சொன்னது பொய். இதுதான் அர்த்தம். அம்மா எழுதினதையே போட்டுக்கோ."

பவானி படித்தாள். என்னை நிமிர்ந்து பார்க்காமல் தட்டச்சு செய்தாள். பிறகு ஒப்புதல் தாளை நீட்டினாள். முதல் வரியிலேயே இருந்தது: இப்படத்தில் ஒலிக்கும் குரல் என்னுடையதே என்று உறுதி கூறுகிறேன். அலுவலகத்துப் பெண் கேட்ட பத்திரத்துக்கு இன்னும் அலைந்துகொண்டிருக்கிறேன், இதற்கு யாருடைய சாட்சியும் தேவைப்படவில்லை.

ஒலிப்பதிவாளர் என் குரலைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து, லூப்பை நிறுத்த மறந்திருந்தார். நான் பேனாவைத் திறக்கும்போது பின்னால் அது ஓடிக்கொண்டிருந்தது.

"மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டலாமா?"

"வேணாம்மா. நாளைக்கு பேசறேன்."

"சரி. வெக்கறேன்."

கையெழுத்துப் போட்டேன்.